அப்பா பெயரில் இன்னும் பணம் பிடிக்கிறார்கள்

அப்பா இறந்துவிட்டார். ஆனால் அவர் பெயரைச் சொல்லி மாதாமாதம் ஊர் ஊராகச் சந்தாதாரர்களிடம் பணம் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பணம் பத்திரிகைக்கு வருவதில்லை. கொடுத்தவருக்கும் திரும்பிப் போவதில்லை. கேட்டால் 'பாலிசி' என்கிறார்கள். இறந்தவர் பெயரில் பணம் பிடிக்க எந்தப் பாலிசி இடம் கொடுக்கிறது?

அப்பா நடத்தியது குழந்தைகளுக்கான மாத இதழ். பான் எண் அவருடையது, நடப்புக் கணக்கு அவருடையது, அதை வைத்துத் திறந்த பேமென்ட் கேட்வே கணக்கும் அவருடையது. 2020-இல் யுபிஐ ஆட்டோபே வந்தபோது அவருக்கு அத்தனை சந்தோஷம். "இனிமே சந்தா முடிஞ்சுபோச்சுன்னு யாருக்கும் போஸ்ட்கார்டு போட வேண்டாம்மா" என்றார். வாசகர் ஒருமுறை சம்மதம் தந்துவிட்டால் போதும், மாதம் 60 ரூபாய் தானாக வந்து சேரும்.

தனிநபர் நடத்திய தொழிலில் அவர் போய்விட்டால் பான் மாற வேண்டும், கணக்கு மாற வேண்டும். அதில் எனக்குத் தகராறு இல்லை. இறப்புச் சான்றிதழை அந்தப் பேமென்ட் கேட்வே நிறுவனத்துக்கு அனுப்பினேன். உடனே எங்களுக்கு வரவேண்டிய பணத்தை நிறுத்திவைத்தார்கள். வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிக் கொடுத்தேன். மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் கேட்டார்கள், கொடுத்தேன். அதையே முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்தோடு கேட்டார்கள், அதையும் கொடுத்தேன். எங்களுக்குத் தரவேண்டியதை ஒரே நாளில் நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு, சந்தாதாரரிடம் எடுப்பதை மட்டும் நிறுத்தத் தெரியவில்லையா?

பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நல்ல விதிதான். அதனால் ஒவ்வொரு மாதமும் எங்கள் வாசகர்களின் போனில் அப்பா பெயர் வந்து நிற்கிறது: இன்னார் கணக்குக்கு நாளை 60 ரூபாய் எடுக்கப்படும். அஞ்சலிக் குறிப்பை இதழில் படித்துவிட்டு, அடுத்த வாரமே அந்தக் குறுஞ்செய்தியைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

என் பெயரில் புதுக் கணக்கு திறந்து, பழைய சந்தாக்களை அதற்கு மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன். முடியாதாம். ஆட்டோபே சம்மதம் பழைய கணக்கோடு கட்டப்பட்டதாம். கார்டில் கட்டுபவர்களின் நிலையும் அதுவே. 2022 அக்டோபரிலிருந்து வியாபாரிகள் யாரும் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது. அதற்குப் பதிலாக வரும் டோக்கன் அந்தக் கார்டுக்கும் அந்த வியாபாரிக்கும் மட்டுமே செல்லும். கடைசியில் அவர்கள் எனக்குத் தந்தது ஒரு எக்செல் கோப்பு. பெயர், தொகை, தேதி, கார்டின் கடைசி நான்கு இலக்கம். எல்லோரையும் மறுபடி பதிவு செய்யச் சொல்லுங்கள் என்றார்கள்.

சொன்னேன். லிங்க் அனுப்பினேன். அம்பாசமுத்திரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் போன் செய்தார். பேரனுக்காகச் சந்தா கட்டுபவர். "ஏம்மா, எந்த லிங்க்கையும் தொடாதீங்கன்னு பேங்க்ல படிச்சுப் படிச்சுச் சொல்றாங்க. நீ தொடச் சொல்றியே. நீ நிஜமாவே அவர் பொண்ணுதானா?" என்றார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஆள் இறந்துவிட்டார், கணக்கு மாறிவிட்டது, இந்த லிங்க்கில் பணம் கட்டுங்கள் என்று செய்தி வந்தால் சைபர் குற்றப் புகார் எண் 1930-க்குப் போன் போடத்தான் தோன்றும். அப்பா ஆயுள் முழுக்கச் சேர்த்த நம்பிக்கையை, திருடன் அனுப்புவது போன்ற ஒரு செய்தியை வைத்து நான் மீட்கப் பார்க்கிறேன்.

நம்பிப் பதிந்தவர்களுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. பழைய கணக்கிலும் 60, புதுக் கணக்கிலும் 60. பழையதை அவர்களே தங்கள் யுபிஐ செயலியில் ரத்து செய்யலாம்தான். ஆனால் வெளியூரில் இருக்கும் மகன் செட் செய்து கொடுத்த செயலியில் அந்த இடம் எங்கே இருக்கிறதென்று எழுபது வயதுக்காரருக்கு யார் காட்டுவது? மாலை முழுக்க நான்தான் ஒவ்வொருவராக அழைத்து, எங்கே தொட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மின் இணைப்பை வாரிசு பெயருக்கு மாற்ற வழி இருக்கிறது. கேஸ் இணைப்பை மாற்ற வழி இருக்கிறது. பத்திரிகையின் உரிமையை மாற்றக்கூட வழி இருக்கிறது. 2011-லிருந்து செல்போன் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்ற முடிகிறது. வாசகர் இதழுக்காகத் தந்த சம்மதத்துக்கு மட்டும் வழி கிடையாதா? அவர் சம்மதித்தது இந்தப் பத்திரிகையைப் படிக்க. இடையில் நிற்கும் நிறுவனத்துக்குத் தீனி போட அல்ல. கணக்கு மாறுகிறது, தொடர விருப்பமா என்று வங்கியே அவரிடம் ஒரு கேள்வி கேட்கட்டும். வேண்டாம் என்றால் அங்கேயே நிற்கட்டும். இதைச் செய்ய என்ன தடை?

எனக்குச் சலுகை எதுவும் வேண்டாம். அப்பா பெயரில் பணம் எடுப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். அவர் போன நாளுக்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு 60 ரூபாயையும் யாரிடம் எடுத்தீர்களோ அவர்கள் கணக்கிலேயே போடுங்கள். அதற்கு முந்தைய பாக்கி, அவர் உயிரோடு இருக்கும்போது அச்சடித்து அனுப்பிய இதழ்களுக்கானது. அச்சகத்துக்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதை விடுவியுங்கள்.