தீர்ப்பு நகலும் தத்துப் பத்திரமும்

விவாகரத்துப் பெற்ற பெண், அதிலும் வேலைக்குச் செல்லும் பெண், ஒரு குழந்தையைத் தத்தெடுக்கத் தகுதியற்றவரா? தகுதியற்றவர்தான் என்றது மகாராஷ்டிர மாநிலம் புசாவலில் உள்ள நீதிமன்றம். அந்தப் பெண் தத்தெடுக்க விரும்பியது தன் சொந்தச் சகோதரியின் மகளை. குழந்தையின் பெற்றோரும் சம்மதித்திருந்தனர். ஆனாலும், வீட்டில் இருக்கும் தாயைப்போல வேலைக்குச் செல்லும் தனித்த பெண்ணால் குழந்தையைக் கவனிக்க இயலாது என்று கூறி மனு தள்ளுபடி செய்யப்பட்டது. 2023 ஏப்ரலில் மும்பை உயர் நீதிமன்ற நீதிபதி கௌரி கோட்சே அந்த உத்தரவை ரத்து செய்தார். இத்தகைய ஒப்பீடு, குடும்பம் பற்றிய இடைக்காலப் பழமைவாத மனப்போக்கின் வெளிப்பாடு என்று அவர் கண்டித்தார். தனித்து வாழும் தாயோ தந்தையோ வேலைக்குச் சென்றுதானே தீரவேண்டும்?

இந்தத் தீர்ப்பை வரவேற்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால், இதற்காக ஒரு பெண் உயர் நீதிமன்றம்வரை போக நேர்ந்ததுதான் கவலையளிக்கிறது. தனித்து வாழ்பவரும் விவாகரத்தானவரும் தத்தெடுக்கலாம் என்று 2015-ஆம் ஆண்டின் இளம் சிறார் நீதிச் சட்டம் 57-ஆவது பிரிவில் தெளிவாகவே சொல்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டமும் மண உறவு முறிந்த பெண்ணுக்கு அந்த உரிமையைத் தொடக்கத்திலேயே அளித்துவிட்டது. சட்டம் எப்போதோ மாறிவிட்டது. நீதிபதியின் இருக்கையில் இருப்பவரின் மனம்தான் மாறவில்லை.

குடும்பச் சட்டத்தில் மும்பை உயர் நீதிமன்றம் வழிகாட்டுவது இது முதல்முறையும் அல்ல. கிறிஸ்தவப் பெண், கணவனின் கொடுமையை மட்டும் காரணம் காட்டி விவாகரத்துப் பெற முடியாது, அத்துடன் பிறன்மனை உறவையும் நிரூபிக்க வேண்டும் என்றிருந்த 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அநீதியை 1997-இல் அதன் முழு அமர்வு களைந்தது. நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தியது 2001-இல்தான். ஆதரவற்ற குழந்தைக்கு ஒரு குடும்பம் கிடைப்பது வாழ்வுரிமையின் பகுதி என்று 2000-இல் ஒரு கிறிஸ்தவத் தம்பதியர் வழக்கில் கூறியதும் அதே நீதிமன்றம். எந்த மதத்தவரும் இளம் சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் தத்தெடுக்கலாம் என்பதை 2014-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

இத்தனை முன்னேற்றமும் தாராவியில் வாழும் தமிழ்ப் பெண்ணைச் சென்றடைந்திருக்கிறதா என்பதுதான் நம் கேள்வி.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகப் பம்பாய்க்குப் போனவர்கள் தங்களுடன் ஊர்க்கட்டுப்பாட்டையும் எடுத்துச் சென்றார்கள். கணவன் மனைவிக்குள் ஒத்துவரவில்லை என்றால் பெரியவர்கள் கூடிப் பேசி 'அத்துவிடுவது' தெற்கத்தி வழக்கம். தாலி திரும்பிவிடும், சீர் கணக்குத் தீர்ந்துவிடும். தத்தெடுப்பும் அப்படித்தான். அக்காள் பிள்ளையைத் தங்கை வளர்ப்பதற்கு எந்த அலுவலகத்தின் முத்திரையும் தேவைப்படுவதில்லை. மாதுங்காவிலும் செம்பூரிலும் உள்ள நடுத்தரக் குடும்பங்களில் வழக்குரைஞரும் பத்திரமும் வந்துவிட்டன என்றாலும், அங்கும் 'நம் குழந்தைதானே, எதற்குக் கோர்ட்டு' என்ற பேச்சு முற்றாக ஓய்ந்துவிடவில்லை.

வழக்கத்தின்படியான மணமுறிவை இந்துத் திருமணச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு அடியோடு மறுக்கவில்லை. ஆனால், அப்படியொரு வழக்கம் தங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக இருப்பதை, அதைக் கோருபவரே நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. கூடிப் பேசித் தீர்த்துவைத்த பெரியவர்கள், பத்தாண்டு கழித்துச் சாட்சிக் கூண்டில் ஏறுவார்களா? அவர்களில் எத்தனை பேர் அப்போது உயிருடன் இருப்பார்கள்?

வழக்கத்தை நிரூபிக்க முடியாவிட்டால் அந்தப் பெண் சட்டத்தின் பார்வையில் இன்னமும் ஒருவரின் மனைவி. விவாகரத்துச் சிக்கல் தத்தெடுப்புச் சிக்கலாக உருமாறுவது இந்த இடத்தில்தான். 2010-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி மணமான இந்துப் பெண்ணும் தன் பெயரில் தத்தெடுக்கலாம். ஆனால், கணவனின் சம்மதம் வேண்டும். கணவன் துறவியாகியிருந்தாலோ, மதம் மாறியிருந்தாலோ, மனநலம் இழந்தவர் என்று நீதிமன்றம் அறிவித்திருந்தாலோ மட்டுமே விலக்கு. பல ஆண்டுகளுக்கு முன்பு அத்துவிட்டுப் போய், வேறொரு குடும்பத்துடன் வாழும் மனிதரைத் தேடிப் பிடித்து, "நான் ஒரு பிள்ளை எடுத்து வளர்க்கலாமா?" என்று கேட்டு அவர் கையெழுத்தை வாங்கி வரவேண்டும்! முறையான தீர்ப்பு நகல் கையில் இருந்தால் இந்த அவமானம் தேவையில்லை. இருவருக்கும் சம்மதம் என்றால் அதைப் பெறுவதும் முன்போல் கடினமில்லை. பரஸ்பர சம்மத விவாகரத்தில் ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

பத்திரம் இல்லாத தத்து, பிள்ளைக்கும் கேடுதான். செல்லத்தக்க தத்தை எவராலும் ரத்து செய்ய முடியாது. வாய்மொழியாகக் கொடுத்த பிள்ளையைப் பத்து வயதில் பெற்றவர்கள் வந்து அழைத்துப்போனால், வளர்த்தவள் எதைக் காட்டித் தடுப்பாள்? வளர்த்தவள் இறந்தபின் அவள் சொத்துக்கு உரிமை கோருவதும் அதேபோல் கேள்விக்குறியாகும். தாராவியில் இது வெறும் கற்பனை அல்ல. மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பிருந்த தரைத்தளக் குடியிருப்புகளுக்கே இலவச வீட்டுத் தகுதி என்று வரையறுக்கப்பட்டுள்ள நிலையில், அன்று குடியிருந்தவர் இறந்துபோயிருந்தால் வாரிசு யார் என்ற கேள்வி எழாமல் இருக்காது. அதற்குக் காகிதம்தான் பதில் சொல்லும்.

இந்துக்களுக்குள், கொடுப்பவர் பெற்ற தாய் தந்தையராகவும் பிள்ளை பதினைந்து வயதுக்கு உட்பட்டதாகவும் இருந்து, மற்ற நிபந்தனைகளும் நிறைவேறினால், பதிவு செய்யப்பட்ட ஒரு தத்துப் பத்திரத்தைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. தாராவியின் தமிழ் முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் அந்த வழி இல்லை. இளம் சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் உத்தரவு பெற்றாக வேண்டும். இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்ல ஒரு வழக்குரைஞர் வேண்டும். அவரும் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மும்பை குடும்பநல நீதிமன்றம் இருக்கும் பாந்த்ரா - குர்லா வளாகம், தாராவிக்கு மித்தி ஆற்றின் அக்கரைதான். ஆனால், ஆற்றைக் கடப்பது எளிது. அந்த நீதிமன்றத்தின் மொழியைக் கடப்பது எளிதல்ல. 1984-ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டப்படி, அங்கே வழக்குரைஞர் வைத்துக்கொள்வது உரிமையல்ல. நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும். வழக்கைக் குடும்ப விவகாரமாக, செலவில்லாமல் தீர்க்கலாம் என்ற நல்லெண்ணத்தில் வைக்கப்பட்ட விதி அது. மராத்தியும் ஆங்கிலமும் அறியாத பெண்ணுக்கு அதுவே தண்டனையாகிவிடுகிறது.

இத்தனைக்கும், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, எந்தப் பெண்ணுக்கும் எந்தக் குழந்தைக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வழக்குரைஞரைத் தருகிறது. இந்த ஒரு பிரிவு தாராவியில் பரவலாகத் தெரிந்திருந்தால் தரகர்களின் பிழைப்பு பாதி குறைந்திருக்கும். மகாராஷ்டிர சட்டப் பணிகள் ஆணையம் மும்பையில் தமிழ் அறிந்த வழக்குரைஞர்களைத் தனியாகப் பட்டியலிட வேண்டும். தன்னார்வச் சட்ட உதவியாளர்களைத் தாராவியிலிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் அரங்கம் நிறைக்கும் மும்பைத் தமிழ் அமைப்புகள், மாதம் ஒருநாள் அதே அரங்கத்தைச் சட்ட ஆலோசனைக்குத் திறந்துவிட என்ன தடை?

தலைநகரிலும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. 2021 ஜூலையில் மாநிலங்களவையின் அமளிக்கிடையே நிறைவேறிய திருத்தம், தத்தெடுப்பு உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரத்தை நீதிமன்றங்களிடமிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாற்றியது. 2022 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. நிலுவை வழக்குகளை ஆட்சியர்களுக்கு அனுப்பக் கூடாது, நீதிமன்றங்களே விசாரிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. தாமதத்தைத் தவிர்க்கவே திருத்தம் என்றது மத்திய அரசு. நீதிபதிகளின் பற்றாக்குறையால் விளைந்த தாமதத்துக்கு நீதிபதியையே விலக்கிவைப்பது என்ன தீர்வு? திருத்தத்தின்படி ஆட்சியரின் உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வேண்டியது கோட்ட ஆணையரிடம். புசாவல் பெண்ணின் மனுவை ஓர் ஆட்சியர் இதே காரணம் சொல்லி நிராகரித்திருந்தால், அவர் அடுத்துத் தட்ட வேண்டிய கதவு இன்னொரு அதிகாரியுடையதாகவே இருந்திருக்கும். நாடாளுமன்றம் அந்தத் திருத்தத்தை மீண்டும் எடுத்து, இம்முறை விவாதித்து முடிவு செய்யட்டும்.