பத்தொன்பது வயதில் முடிந்துபோகும் ஆட்டம்: வியாஸ்காந்த் கடந்த இடைவெளியை மற்றவர்கள் எப்படிக் கடப்பது?

கொழும்புத்துறையில் மாலை வேளை ஒழுங்கைகளுக்குள் போனால் பந்தடிக்கும் பிள்ளைகளைக் காணலாம். தென்னை மட்டை துடுப்பாகும். மதிலில் கரியால் கீறிய கோடுகள் விக்கெட்டாகும். அங்கிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில், கோட்டைக்கு அருகே, யாழ். மத்திய கல்லூரியின் மைதானம் இருக்கிறது. அந்தக் கல்லூரிக்காகப் பந்துவீசிய விஜயகாந்த் வியாஸ்காந்த், 2024 மே 8ஆம் திகதி ஹைதராபாத்தில் இந்தியன் பிரீமியர் லீக் போட்டியொன்றில் களமிறங்கினார்.

அந்தச் செய்தியை யாழ்ப்பாணமும் புலம்பெயர்ந்த தமிழரும் கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டிய செய்திதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கிரிக்கெட் ஆடிவரும் மண்ணிலிருந்து அந்த இடத்துக்குப் போனவர்களை ஏன் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது?

வியாஸ்காந்த் பிறந்தது 2001 டிசம்பர் 5ஆம் திகதி. அடுத்த பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. 2006இல் ஏ9 பாதை மீண்டும் மூடப்பட்டபோது அவர் நான்கு வயதுப் பிள்ளை. 2009 மே மாதத்தில் ஏழு வயது. போருக்குள் பிறந்து, போருக்குப் பின்னர் மைதானத்துக்கு வந்த தலைமுறை அது.

அவருக்கு முந்திய தலைமுறைக்கு அந்த வாய்ப்பும் இருக்கவில்லை. மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904இல் தொடங்கிய வடக்கின் பெருஞ்சமர், போர்க்காலத்தில் பல ஆண்டுகள் நடைபெறவில்லை. கோட்டையைச் சுற்றி 1990இல் நடந்த சண்டை அந்தச் சுற்றாடலையே சிதைத்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் குடாநாட்டின் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அந்த ஆண்டுகளில் பதினெட்டு வயதில் இருந்தவர்களில் எத்தனை நல்ல பந்துவீச்சாளர்கள் இருந்தார்கள் என்பதை எந்தப் புள்ளிப் புத்தகமும் சொல்லாது.

2020 நவம்பரில் லங்கா பிரீமியர் லீக் தொடங்கியபோது ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் அணி வடக்கின் இளைஞர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டது. பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முதல்நாள் களமிறங்கிய வியாஸ்காந்த், அஞ்சலோ மத்யூஸின் விக்கெட்டை வீழ்த்தினார். அதன் பிறகு பங்களாதேஷிலும் ஐக்கிய அரபு எமிரேட்ஸிலும் லீக் போட்டிகள், 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கை அணியில் இடம், பின்னர் காயமடைந்த வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக சன்ரைசர்ஸ் ஹைதராபாத். லக்னோ அணிக்கு எதிரான அந்த முதல் போட்டியில் நான்கு ஓவர்களில் 27 ஓட்டங்கள் மட்டுமே கொடுத்தார். விக்கெட் கிடைக்கவில்லை. சன்ரைசர்ஸ் 166 என்ற இலக்கை பத்து ஓவருக்குள் விக்கெட் இழப்பின்றி எட்டியதால் அவருடைய பந்துவீச்சு அதிகம் பேசப்படவில்லை.

இந்தப் பாதையைக் கவனித்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். அவருக்குக் கதவைத் திறந்தது இலங்கையின் வழமையான கிரிக்கெட் அமைப்பு அல்ல. அவருடைய வயது சரியாக இருந்த நேரத்தில் வந்து சேர்ந்த ஒரு வணிக லீக். அது இரண்டு ஆண்டுகள் பிந்தியிருந்தால் அவரும் பெருஞ்சமர் நினைவுகளோடு நின்றிருக்கக்கூடும்.

எங்கள் கல்லூரியும் அமெரிக்கக் கல்லூரியும்

யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் பாடசாலை. அமெரிக்காவில் அது பாடசாலைக்கு அடுத்த படி. வித்தியாசம் சொல்லில் மட்டும் இல்லை.

அமெரிக்க பேஸ்போலை எடுத்துக்கொள்வோம். எல்லே ஆடி வளர்ந்த எங்களுக்கு அந்த ஆட்டம் முற்றிலும் அந்நியமல்ல. இந்திய வம்சாவளித் தாய்க்குப் பிறந்த குமார் ரொக்கர் என்ற பந்துவீச்சாளர், பாடசாலை முடித்ததும் வன்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2019இல், முதலாம் ஆண்டு மாணவராக, டியூக் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரு ‘ஹிட்’ கூடக் கொடுக்காமல் ஆட்டம் முழுவதையும் வீசி முடித்து, 19 தடவை ‘ஸ்ட்ரைக் அவுட்’ செய்தார். அந்த ஆண்டு வன்டர்பில்ட் கல்லூரிகளின் உலகத் தொடரை வென்றது. சிறந்த வீரராக அவரே தெரிவானார்.

ஆனால் எங்களுக்குப் பாடமாக இருப்பது அதற்குப் பிறகு நடந்தது. 2021இல் நியூயோர்க் மெட்ஸ் அவரைத் தெரிவு செய்துவிட்டு, மருத்துவப் பரிசோதனைக்குப் பின் ஒப்பந்தம் செய்யாமல் விட்டது. தோளில் சத்திரசிகிச்சை நடந்தது. 2022இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவது வீரராக அவரை எடுத்தது. 2023இல் முழங்கையில் மீண்டும் சத்திரசிகிச்சை. 2024 செப்டெம்பரில்தான் அவர் முதன்மை லீக்கில் முதன்முறையாகப் பந்துவீசினார். அப்போது வயது 24.

பத்தொன்பதிலிருந்து இருபத்துநான்கு வரை பயிற்சி, மருத்துவம், போட்டி, பதிவேடு எல்லாம் அவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தன. எங்கள் பிள்ளைக்கு அந்த ஐந்து ஆண்டுகளும் வெறுமையாக இருக்கின்றன. பெருஞ்சமர் முடிகிறது, உயர்தரப் பரீட்சை வருகிறது, அதன் பிறகு வேலை, அல்லது வெளிநாட்டுப் பயணம். இடையில் தோளில் ஒரு காயம் வந்தால் அத்தோடு ஆட்டமும் முடிந்துவிடும்.

பெயரில் மட்டும் யாழ்ப்பாணம்

இலங்கையின் முதல்தரக் கழகப் போட்டிகளில் வடக்கைத் தளமாகக் கொண்ட கழகம் இல்லை. பெயரிலேயே தமிழைத் தாங்கிய, 1899இல் தொடங்கிய தமிழ் யூனியன் கழகமும் கொழும்பில்தான் இருக்கிறது. லங்கா பிரீமியர் லீக்கை 2020, 2021, 2022, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளில் வென்றது யாழ்ப்பாணத்தின் பெயரைக் கொண்ட அணிதான். ஆனால் அந்த லீக்கின் ஒரு போட்டிகூட யாழ்ப்பாணத்தில் நடைபெறவில்லை.

ஆகவே திறமையுள்ள பிள்ளை கொழும்புக்குப் போக வேண்டும். தங்குமிட வாடகை, சாப்பாடு, சிங்களம் பேச முடியாத தயக்கம், பிள்ளையைத் தெற்கே தனியே அனுப்பப் பயப்படும் தாய். போரில் உழைப்பாளியை இழந்த குடும்பத்துக்கு இது தாங்கக்கூடிய செலவல்ல. இதைவிட ஆடுகளப் பிரச்சினையும் இருக்கிறது. வடக்கின் பாடசாலைக் கிரிக்கெட் நீண்டகாலம் மற்றிங் விரித்த ஆடுகளத்தில் வளர்ந்தது. அதில் பந்து ஒரே சீராக எழும்பும். புல்தரை ஆடுகளமோ நாளுக்கு நாள் மாறும். சுழற்பந்து வீச்சாளர் நீளத்தையும் வேகத்தையும் அங்கே புதிதாகப் படிக்க வேண்டும். தெற்கின் பெரிய பாடசாலைப் பிள்ளை சிறு வயதிலேயே படித்துவிட்டதை எங்கள் பிள்ளை இருபது வயதில் தொடங்குகிறான்.

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கான பணிகளை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தொடக்கிவைத்தார். இது வரவேற்க வேண்டியது. ஆனால் மைதானம் என்பது வீரர்கள் வந்து சேருமிடம். அங்கே போய்ச் சேரும் வழி இல்லையென்றால், வெளியூர் அணிகள் ஆடுவதைக் கடல் கடந்து போய்ப் பார்க்கும் இடமாகவே எங்களுக்கு அது அமையும்.

வழிக்குத் தேவையானவை பெரிய இரகசியங்கள் அல்ல. வடக்குக்கென ஒரு கழகம் தேசியக் கழகப் போட்டிகளில் இடம்பெற வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள் எங்கள் மக்கள் பிரதிநிதிகள். பாடசாலைகளுக்குப் பொதுவான புல்தரை ஆடுகளங்களும் முழுநேரப் பயிற்றுநர்களும் வேண்டும். ஒவ்வொரு மாணவ வீரரின் ஆட்டப் பதிவும் காயப் பதிவும் ஓரிடத்தில் பேணப்பட வேண்டும்.

இன்னொன்றை அரசாங்கத்திடம் கேட்கத் தேவையில்லை. லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருக்கும் பழைய மாணவர் சங்கங்கள் பெருஞ்சமர்களுக்கு மனமுவந்து செலவிடுகின்றன. அந்தப் பணத்தில் ஒரு பங்கு, பாடசாலையை விட்டு வெளியேறும் இரண்டு மூன்று பேருக்கு, ஆணோ பெண்ணோ, இருபத்துமூன்று வயதுவரை மாத உதவித்தொகையாகப் போகலாம். வெற்றிக் கிண்ணத்தோடு எடுத்த படம் அடுத்த ஆண்டு மறந்துபோகும். அந்த உதவித்தொகையோ ஒரு பிள்ளையை ஆட்டத்தில் வைத்திருக்கும்.

வியாஸ்காந்த் அந்த இடைவெளியைத் தாண்டிவிட்டார். கொழும்புத்துறை ஒழுங்கையில் தென்னை மட்டையோடு நிற்கும் பிள்ளையும் அப்படித் தாண்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட முடியாது. அங்கே ஒரு பாலம் போட வேண்டியவர்கள் நாங்கள்.