உளுவத்தலையன் விழும்போது



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு தென்காசி பஸ்ஸுக்கு ஓடும் பிள்ளைகளைப் பார்த்தால், எனக்குச் சின்ன வயதில் பார்த்த தோல்பாவைக்கூத்து ஞாபகம் வந்துவிடும். வெள்ளைத் திரை, பின்னால் விளக்கு, ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பாவைகள். பத்து நாள் ராமாயணம் நடக்கும். பெரியவர்கள் ராமருக்காக உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் காத்திருந்ததோ கோமாளிகளான உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும்தான்.

அவர்கள் அடித்துக்கொண்டால் பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிப்போம். அந்தச் சிரிப்பின் சூட்சுமம் இப்போதுதான் புரிகிறது. பாவையின் முகம் மாறாது. அதற்கு அழவும் தெரியாது, சிரிக்கவும் தெரியாது. ஆட்டுகிறவரின் குரலும், ஆர்மோனியமும், சரியான நொடியில் விழும் மிருதங்க அடியும்தான் தோலுக்கு உயிர் கொடுக்கின்றன. தாளம் ஒரு நொடி தப்பினால் உளுவத்தலையன் விழுந்தாலும் சிரிப்பு வராது.

இசை பொம்மைக்கு உயிர் கொடுக்கும் இந்தக் கதை கடல் கடந்தும் உண்டு; அங்கே அது ஒரு கிதார் இசையில் தொடங்குகிறது. 1960-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாக் கடற்கரையில் 'சர்ஃப் ராக்' என்னும் இசை பிறந்தது. அலைச்சறுக்கு வீரர்களின் வேகம் அதில் இருந்தது. அதன் முன்னோடி டிக் டேலின் தந்தைவழி லெபனான். பிள்ளைப் பருவத்தில் கேட்ட அரபுத் தாளத்தைத்தான் அவர் மின்கிதாரின் தந்திகளில் ஏற்றினார். 1962-ல் அவருக்குப் பெரும்புகழ் தந்த 'மிஸர்லூ', கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்துப் பழைய பாட்டு. ஒலியைச் சுருள்கம்பி வழியே அனுப்பி எதிரொலிக்கவைக்கும் பெட்டி ஒன்றும் பின்னர் சேர்ந்துகொள்ள, பாறையில் மோதிச் சிதறும் தண்ணீர்போல ஒலித்தது சர்ஃப் கிதார்.

அந்தத் துள்ளல் பிள்ளைகளிடமும் வந்து சேர்ந்தது. சர்ஃப் இசையையும் ஜமைக்காவின் ஸ்கா இசையையும் கலந்து, சாகச வீரர் வேடத்தில் பாடும் குழு 'தி அக்வாபேட்ஸ்'. அதன் பாடகர் கிறிஸ்டியன் ஜேக்கப்ஸ், நண்பர் ஸ்காட் ஷுல்ட்ஸுடன் சேர்ந்து 'யோ காபா காபா!' என்ற குழந்தைகள் தொடரை உருவாக்கினார். 2007-ல் அது அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அங்கேயும் பெரிய பொம்மைகள்தான். அவற்றை ஆடவைத்தது இசை.

அதே 2007-ல்தான் நமக்குக் குழந்தைகளுக்கான சுட்டி டி.வி. வந்தது. அதில் கார்ட்டூன் சிறுமி டோரா தமிழ் பேசினாள்; பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். ஆனால் தமிழிலேயே பிறந்த உளுவத்தலையனை அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கூத்து நடத்தும், வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர் குடும்பங்கள், தமிழில் கதை சொல்லித் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த சொத்து அவன்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, இந்தச் சாரல் காலத்தில் ஒரு கூத்துக் குழுவை உங்கள் பள்ளிக்கு அழையுங்கள். கௌரவமான சன்மானம் கொடுங்கள். ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போங்கள். ராமனும் ராவணனும் உளுவத்தலையனும் ஒரே மனிதரின் தொண்டையிலிருந்து வந்தவர்கள் என்று அவர்கள் கண்ணால் காணட்டும். நாளைக்கு நம் தொலைக்காட்சிக்குப் புதுப் பொம்மை செய்யப்போகிற பிள்ளை அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டிருக்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்