பழைய பத்மினியை இறக்கி ஓட்டலாமா? முதல்ல கணக்கைப் பாருங்க

போனஸ் வந்ததும் ஒரு பழைய பிரீமியர் பத்மினி வாங்கணும், சஸ்பென்ஷனை இறக்கி ரோட்டோட ஒட்டின மாதிரி ஓட்டணும்னு நிறைய பேருக்கு ஆசை. ரீல்ஸ்ல பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனா தினமும் ஆபீஸ் போறதும் அதே வண்டிதான்னா, என் கருத்து: இறக்காதீங்க.

இறக்கறதுல லாபமே இல்லைனு சொல்ல வரல. எடை தரைக்கு நெருக்கமா வரும், வளைவுல வண்டி சாயறது குறையும். அந்த லாபம் வழவழப்பான ரோட்டுக்கு. வேகத்தடை 10 செ.மீ. உயரம் இருக்கணும்னு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அளவு வெச்சிருக்கு. நம்ம தெருவுல அந்த அளவுப்படி எத்தனை இருக்குனு உங்களுக்கே தெரியும். நாலு பேர் ஏறினா வண்டி இன்னும் தாழும். அப்போ ஆயில் சம்ப்பும் சைலன்சரும்தான் அடி வாங்கும்.

பத்மினிக்கு முன்னாடி காயில் ஸ்பிரிங், பின்னாடி லீஃப் ஸ்பிரிங். செலவைக் குறைக்க சிலர் காயிலை வெட்டிடுவாங்க. வெட்டினா நீளம் குறையும், விறைப்பு கூடும். சக்கரம் மேலே ஏறி இறங்க இடம் இருக்காது. ஷாக் அப்சார்பர் சீக்கிரம் போகும், சக்கரத்தோட கோணம் மாறினா டயர் ஒரு பக்கமா தேயும்.

சட்டமும் இருக்கு. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல 6 மாசம் வரை சிறை, இல்ல ரெண்டுமே விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தோட 2019 திருத்தத்துல இடம் உண்டு. 15 வருஷம் தாண்டின கார்னா, ஆர்.சி.யைப் புதுப்பிக்கும்போது வண்டியை ஆர்.டி.ஓ.ல காட்டணும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாம மாத்தியிருந்தா க்ளெய்ம் நேரத்துல சிக்கல் வரலாம்.

இப்போ கணக்கு. ஸ்பிரிங், கூலி எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். அதோட டயர், ஷாக் அப்சார்பர், சம்ப் ரிப்பேர், அபராதம் எல்லாத்தையும் கூட்டுங்க. நாளைக்கு விக்கப் போனா, பழைய கார் தேடறவர் முதல்ல கேட்கறது "ஒரிஜினலா?"ங்கற கேள்விதான். வெட்டின ஸ்பிரிங்கை ஒட்ட முடியாது.

அதே காசுல வேற ஒண்ணு பண்ணலாம். அத்தனை வருஷம் ஓடின காருக்கு ஸ்பிரிங் ஏற்கெனவே உட்கார்ந்து போயிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. அதாவது வண்டி தானாவே தாழ்ந்திருக்கும்! நல்ல மெக்கானிக்கிட்ட நாலு பக்கமும் உயரத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்க. புஷ், ஷாக் அப்சார்பர், டயர், வீல் அலைன்மென்ட் நாலையும் சரி பண்ணுங்க. வண்டி ஆட்டம் இல்லாம கெட்டியா நிக்கும். நீங்க ஆசைப்பட்டதுல பாதி அதுலயே கிடைச்சிடும்.

தினசரி ஓட்ட வேற வண்டி இருக்கு, இது ஞாயிற்றுக்கிழமை வண்டி, மாத்தின பாகத்தைத் திருப்பிப் போட ஒரிஜினல் செட் பத்திரமா இருக்குன்னா, அது வேற கதை. அப்பவும் பர்சனல் லோன்லயோ எமர்ஜென்சி ஃபண்ட்லயோ கை வைக்காதீங்க. மாசச் சம்பளத்துல மிச்சம் பிடிச்ச காசுல, ஆர்.டி.ஓ.லயும் இன்சூரன்ஸ்லயும் கேட்டுட்டு பண்ணுங்க.