வரைபடம் ஒன்று, பெட்டிகள் பல

பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலையை நம் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1955 அக்டோபர் 2-இல் நேரு தொடங்கி வைத்த அவ்வாலையில் ஒரே வரைபடத்தைக் கொண்டு எத்தனையோ பெட்டிகள் செய்கிறார்கள். ஆயினும் ஒரு பெட்டியில் பயணி ஏறினால் இன்னொன்றில் கூட்டம் கூடுவதில்லை! இந்த எளிய உண்மையைக் கணிப்பொறி ஆய்வகத்தில் நாம் மறந்து விடுகிறோம் என்பதே என் குறை.

பிற துறை நண்பர்களுக்காக ஒரு விளக்கம். கட்டணம் வாங்கும் சர்வர், மாணவர் பதிவேட்டுச் சர்வர் ஆகியவற்றை நம்பி எழுதிய புரோகிராமைச் சோதிக்க, அவற்றைப் போலவே பதில் சொல்லும் போலிச் சர்வர்களை நம் கணிப்பொறியிலேயே இயக்குகிறோம். ஒத்திகையில் மரக்கத்தி பிடிப்பது போலத்தான்.

இரண்டு போலிகளுக்கும் ஒரே ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூலைப் பயன்படுத்துவது சிக்கனமே. ஆனால் நோட் ஜேஎஸ் ஒரு மாட்யூலை முதல்முறை கேட்கும்போது மட்டுமே இயக்குகிறது. பிறகு யார் கேட்டாலும் சேமித்து வைத்த அதே பொருளையே நீட்டுகிறது. எனவே மாட்யூலின் தலைப்பகுதியில் எழுதிய பட்டியல் இரண்டு சர்வர்களுக்கும் பொதுச்சொத்தாகி விடுகிறது. கட்டணச் சர்வரில் போட்ட வரவு பதிவேட்டில் போய் நிற்கும். தனியே ஓட்டினால் தேறும் சோதனை, சேர்த்து ஓட்டினால் தோற்கும். “இன்னொரு தடவை ஓட்டிப் பார், சரியாகிவிடும்” என்ற பேச்சு அப்போதுதான் பிறக்கிறது. அப்படித் தேறிய சோதனையை எவர் நம்புவார்?

சிலர் கோப்பையே நகலெடுத்து இரண்டாக வைத்துக் கொள்கிறார்கள். ஒன்றில் திருத்திய பிழை மற்றதில் அப்படியே உயிரோடிருக்கும். வேறு சிலர் ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் பட்டியலைத் துடைக்கிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்வரை இது செல்லும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒருவர் துடைப்பது அடுத்தவர் கணக்கையும் அழித்து விடும்.

மாட்யூல் சர்வரைத் தரக்கூடாது. சர்வர் செய்து தரும் ஃபங்ஷனைத் தரவேண்டும். அழைக்கும் ஒவ்வொரு முறையும் புதுப் பட்டியல், புது வழிகள், புதுச் சர்வர். போர்ட் எண்ணாக 0 கொடுத்தால் காலியாக உள்ள ஒன்றை இயங்குதளமே ஒதுக்கிவிடும், இடச்சண்டையும் இல்லை. தொடக்கத் தரவை மட்டும் உள்ளே நகலெடுத்துக் கொள்ள வேண்டும். இல்லையேல் ஃபங்ஷன் இரண்டு முறை ஓடினாலும் பொருள் ஒன்றாகவே இருக்கும். ஸ்ட்ரக்சர்டு குளோன் என்ற கட்டளை இதற்கென்றே இருக்கிறது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். இரண்டு சர்வர்களை ஒருசேர இயக்கி, ஒன்றில் ஒரு பதிவு சேர்த்து, மற்றது காலியாகவே இருக்கிறதா என்று பார்க்கும் பயிற்சியை ரெக்கார்டு நோட்டில் சேர்த்து, அதற்கும் மதிப்பெண் தாருங்கள்.