ஓட்ஸ் டப்பா தாத்தாவும் பாதிரி இல்லாத சபையும்

தியாகதுருகம் கடைவீதியில் "குவேக்கர்" என்று கேட்டால் ஓட்ஸ் பாக்கெட்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அந்தக் கம்பெனிக்கும் குவேக்கர் சபைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நல்ல பேர் இருந்தது, எடுத்து ஒட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். கடைக்காரரை மன்னித்துவிடலாம். ஆனால் ஜார்ஜ் பாக்ஸை "ஆரம்பகால குவேக்கர் போதகர்" என்று எழுதுகிறார்களே, அவர்களை என்ன செய்வது? சம்பளம் வாங்கும் போதகர் என்ற ஆளே வேண்டாம் என்றுதான் அந்த மனிதர் வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டார் ஐயா! (பின்னால் அமெரிக்காவில் சில குவேக்கர்களே போதகர் வைத்துக்கொண்டது வேறு கதை.)

1624-ல் இங்கிலாந்தில் ஒரு நெசவாளிக்கு மகனாகப் பிறந்தவர். செருப்புத் தைப்பவரிடம் தொழில் பழகியவர். இதை நம்மூர் ஊழியக்காரர்கள் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜில் படித்தால் மட்டும் ஒருவன் தேவ ஊழியன் ஆகிவிட மாட்டான் என்றார். தசமபாகம் கட்டக் கூடாது என்றார். 1650-ல் டெர்பியில் சிறை. அங்கே ஒரு நீதிபதி கிண்டலாக வைத்த பேர்தான் குவேக்கர், அதாவது நடுங்குகிறவர். அவர்கள் கூட்டத்தில் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கு உள்ளே சொல்லத் தோன்றுகிறதோ அவர் எழுந்து பேசலாம், பெண்ணாக இருந்தாலும் சரி.

அன்றைய ஆங்கிலத்திலும் நம் "நீ, நீங்க" மாதிரி இரண்டு சொல் இருந்தது. பெரிய மனிதருக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று. பாக்ஸ் நீதிபதியைக்கூட "நீ" என்றார், தொப்பியைக் கழற்ற மறுத்தார். மரியாதை தெரியாதவர் என்கிறீர்களா? நம்மூரில் அறுபது வயதுக் கூலிக்காரரைப் பத்து வயதுப் பையன் "நீ" என்கிறானே, அப்போது இந்த மரியாதை எங்கே போகிறது? பாக்ஸ் அதே "நீ"யை மேலே திருப்பிவிட்டார். அதுதான் வலித்தது.

அவரும் முழுக்க யோக்கியர் இல்லை. 1671-ல் பார்படோஸ் போனவர், அடிமைகளை அன்பாக நடத்துங்கள் என்றார். அடிமைமுறையே தப்பு என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல 1688-ல் ஜெர்மன்டவுனில் நாலு பேர் எழுதவேண்டி வந்தது.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கூட்டம் புதிதில்லை. 1928-ல் சென்னை பெண்டிங்க் பள்ளிக்கு ஆசிரியையாக வந்த மார்ஜரி சைக்ஸ் பின்னாளில் குவேக்கர் ஆனார். தமிழ் கற்றார், தாகூரிடமும் காந்தியிடமும் போனார், பிறகு கோத்தகிரியில் வாழ்ந்தார். சபை கட்டவில்லை, ஆள் பிடிக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, ஒருத்தருக்கும் அவரைத் தெரியாது!

இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் எறையூரை மறந்துவிட்டீர்களா? மாதா கோயில் இருக்கிற ஊர். தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் கலவரம், துப்பாக்கிச் சூடு, இரண்டு உயிர் போனது. ஞானஸ்நானம் வாங்கிய இரண்டு தரப்பும் ஒரே கோயிலுக்குள் சேர்ந்து உட்கார முடியவில்லை. பாக்ஸை மேடையில் புகழ்கிறவர்கள் முதலில் அந்தத் தெருவுக்குப் போய்ப் பேசட்டும். தொப்பியைக் கழற்றாமல்.