பல்வலிக்கு நாலு கேப்சூல்!

சாயங்காலம் ஆறு மணி. பஸ் ஸ்டாண்டு பக்கத்து மருந்துக் கடை. கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு ஒருவர் வருகிறார்.

"அண்ணே, பல்வலி உயிர் போவுது. நல்லதா ஏதாவது குடுங்க."

கடைக்காரர் டாக்டர் சீட்டு கேட்பதில்லை. அட்டையைக் கத்தரித்து, அமாக்சிசிலின் கேப்சூல் நாலு, வலி மாத்திரை நாலு போட்டுத் தருகிறார். வந்தவர் சில்லறையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார். சென்னையில் இது தினசரி காட்சி.

மறுநாள் வலி குறைகிறது. "கேப்சூல் நல்லாக் கேட்டுது" என்கிறார். கேட்டது வலி மாத்திரை! மிச்சமான ரெண்டு கேப்சூல் சாமி படத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. அடுத்த வலிக்கு ஆகும். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஆகும்.

சொத்தைப் பல் ஏன் குத்துகிறது? பல்லுக்குள் இருக்கும் சதை, வீங்க இடமில்லாமல் நரம்பை நெருக்குகிறது. அந்தச் சதை செத்துப்போனால் அங்கே ரத்த ஓட்டமே நின்றுவிடும். ரத்தம் போகாத இடத்துக்குக் கேப்சூல் எப்படிப் போகும்? பல்லைத் துளைத்துச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லை பிடுங்க வேண்டும். சீழ் கட்டினால் வடிக்க வேண்டும். முகம் வீங்கிக் காய்ச்சல் அடித்தால்தான் ஆன்டிபயாடிக். அதுவும் டாக்டர் எழுதி. அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டியும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது.

பல்லுக்குள் போகாத மருந்து மற்ற இடமெல்லாம் போகிறது. அங்கேதான் வில்லங்கம்.

மனிதர் வாயில் 700 வகைக்கு மேல் பாக்டீரியா கண்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை சாதுக்கள். நகத்தால் சுரண்டினால் மாவு போல வருகிறதே பல் ஊத்தை, அதுதான் அவற்றின் அடுக்குமாடி வீடு. மருந்து அதற்குள் லேசில் இறங்காது. அரைகுறையாக இறங்கினால் நோஞ்சான் கிருமி சாகும், தாக்குப்பிடித்தது பிழைக்கும். பிழைத்தது சும்மா இருக்காது. மருந்தைச் சமாளிக்கும் மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கைமாற்றிவிடும்!

கட்டுக்கதை அல்ல. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ் என்று வாயில் குடியிருக்கும் ஒரு சாதுக் கிருமி. பென்சிலினைத் தாங்கும் மரபணுத் துண்டுகளை நிமோனியா கிருமி இதனிடமிருந்து வாங்கியிருப்பதை விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். மாத்திரை பல்லுக்கு, சங்கடம் நெஞ்சுக்கு! நிமோனியா கிருமி இருமலில் பரவும். கேப்சூலே சாப்பிடாத பக்கத்து சீட்டுக்காரருக்கும் பங்கு உண்டு.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு வாங்கிய கையோடு எச்சரித்தார். கடையில் வாங்கி அளவு குறைத்துச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்றார். யார் கேட்டார்கள்? மருந்துக்கு மசியாத பாக்டீரியாவால் 2019-ல் மட்டும் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கு.

சட்டம் இருக்கிறது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்காக அட்டையில் சிவப்புக் கோடும் இருக்கிறது. "நான் தரலைன்னா எதிர்க் கடையில வாங்கிடுவாரு" என்பது கடைக்காரர் வாதம். அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. வாயைத் திறந்து பார்க்காமலே ஆன்டிபயாடிக் எழுதித் தரும் டாக்டர்களும் இருக்கிறார்கள்.

தினக்கூலிக்காரர் என்ன செய்வார்? கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் ஆஸ்பத்திரி இருக்கிறது. காலையில் போய்க் காத்திருந்தால் அரை நாள் கூலி போச்சு. தனியாரிடம் வேர் சிகிச்சைக்கு ஆயிரக்கணக்கில் ஆகும். கேப்சூலோ டீ, வடைச் செலவோடு முடிந்துவிடுகிறது. அவரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

வேலை விட்டு வருகிறவருக்குச் சாயங்காலம் பல்லைப் பார்க்க ஆள் வேண்டும். மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் மாலை நேரப் பல் சிகிச்சை எல்லா வட்டாரத்திலும், எல்லா நாளும் நடக்கட்டும். டாக்டரை உட்கார வைத்தால் போதாது; துளைக்கும் மிஷின், மரத்துப்போகும் ஊசி எல்லாம் இருக்க வேண்டும். அதைச் செய்துவிட்டு மருந்துக் கடைக்கு இன்ஸ்பெக்டரை அனுப்பட்டும்; கடைக்காரரும் "பல் டாக்டர் ரெண்டு தெரு தள்ளி இருக்காரு, போங்க" என்று சொல்ல முடியும்.